பதினாறாந்தேதிக் கொடி

கொடிக்கம்பத்து மேடைக்கு விமல்ராஜ் இரண்டாவது தரம் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். முதல் தரம் அடித்தது காய்வதற்குள் தூறல் விழுந்து வழிந்துவிட்டது. பிரஷ்ஷிலிருந்து முடி கொட்டி ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

“மேடைக்கு என்னா கலர்டா அடிக்கற?”

ஏ பிளாக் மூன்றாம் மாடி பால்கனியில் இராமதாஸ் நின்றிருந்தார். அங்கிருந்து சத்தம் போட்டாலே கேட்கும். ஆனால் எதிரே இருக்கும் பி பிளாக்குக்கும் கேட்டுவிடும்.

“வெள்ளைங்க சார்.”

“மூணு படி இருக்குல்ல? மேல காவி, நடுவுல வெள்ள, கீழ பச்ச. போன வருசம் அப்படித்தான் அடிச்சது. வந்தவன்லாம் போட்டோ புடிச்சிட்டுப் போனான். மாத்து.”

“மேடம் வந்து...”

“எந்த மேடம்? இந்த அசோசியேஷனுக்கு யாருடா பிரசிடெண்ட்?”

“நீங்கதாங்க சார்.”

“அப்ப மாத்து.”

பச்சை டப்பாவை நெம்பித் திறந்து கீழ்ப்படியில் பாதிதூரம் போயிருப்பான், பி பிளாக் லிஃப்ட் திறந்தது. சந்திரகலா மேடம் மடக்கிய குடையோடு வந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். எவ்வளவு கோபம் வந்தாலும் குரல் உயராது.

“ஏன் தம்பி, கொடியோட கலர அடிச்சிட்டு அதுமேலயே செருப்புக்கால வச்சி ஏறுவீங்களா?”

“இல்லீங்க மேடம்.”

“யார் அடிக்கச் சொன்னது?”

விமல்ராஜ் மூன்றாம் மாடியைப் பார்த்தான். பால்கனியில் துண்டு மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

“பிரசிடெண்ட் யாருன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

“நீங்கதாங்க மேடம்.”

“மெர்சி,” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு அவர் மறுபடி லிஃப்டில் ஏறினார். விமல்ராஜ் பச்சைமேல் வெள்ளையைப் பூசினான். எத்தனை தரம் பூசினாலும் அடியிலிருந்து பச்சை தெரிந்தது.

பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் கடற்காற்று அடிக்கும் தூரத்தில் இருந்தது அந்த அப்பார்ட்மெண்ட். பெயர் நெய்தல் என்கிளேவ். சித்திரையில் சங்கத் தேர்தல் நடந்தது. பி பிளாக் வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் பிரான்ஸில் இருக்கிறவர்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் ஓட்டுப் போட்டார்கள். அதைச் சேர்த்தால் சந்திரகலா மேடம் ஜெயித்தவர், சேர்க்காவிட்டால் இராமதாஸ். சேர்க்கலாமா கூடாதா என்ற வழக்கு பதிவுத்துறையில் கிடந்தது. அதுவரை இரண்டு தலைவர்கள், இரண்டு ரப்பர் ஸ்டாம்ப், இரண்டு நோட்டீஸ் போர்டு. வாட்ச்மேன் மட்டும் ஒருவன்.

விமல்ராஜுக்கு வேலை போட்டுக் கொடுத்தவர் இராமதாஸ். பாண்டிச்சேரியிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அவருக்கு ஒரு லேத் பட்டறை உண்டு. பக்கத்துக் கம்பெனி மூடியபோது வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவனை அவர்தான் கூட்டிவந்தார். மோட்டார் ரூமை ஒட்டி இருந்த அறையைக் காட்டி, “பொண்டாட்டி புள்ளய கூட்டியாந்து வச்சிக்க” என்று சொன்னவரும் அவர்தான். வாயால் சொன்னதுதான். வைகாசியில் வினோதா குழந்தையோடு வந்து சேர்ந்தாள். அதற்கு அடுத்த வாரமே பி பிளாக் போர்டில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது: பொது இடத்தில் குடும்பம் தங்கக்கூடாது, அந்த அறை சங்கத்தின் ஸ்டோர் ரூம். விமல்ராஜ் மேடத்தின் வாசலில் போய் நின்றான். “ஆகஸ்ட் கழியட்டும் தம்பி, ஜெனரல் பாடில பேசி உங்களுக்கு நல்லது பண்றேன்” என்றார். அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு பேரும் வேண்டும்.

பிரஷ்ஷைக் கழுவிவிட்டு அறைக்குப் போனான். வினோதா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயசு. வாய்க்குள் போனதைவிடக் கன்னத்தில் இருந்தது அதிகம்.

“நாளைக்குக் கொடிய யாருதான் மாமா ஏத்தறாங்க?”

“ரெண்டு பேரும் அவங்கதான்னு சொல்றாங்க.”

“கயித்த நீதான கட்டணும்? யார் கையில குடுப்ப?”

விமல்ராஜ் குழந்தையின் கன்னத்திலிருந்த சோற்றுப் பருக்கையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

“ஒருத்தர் கையில குடுத்தா இன்னொருத்தர் நம்மள வெளிய போவச் சொல்லுவாங்க,” என்றாள் வினோதா. “நான் திரும்பச் செஞ்சிக்குப் போவ மாட்டேன், சொல்லிட்டேன். எங்கண்ணி ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடிச்சாகூட கண்ணால அளக்குது. நீ இங்க, நான் அங்க, பாப்பா ஒன்ன போன்லயே பாத்துப் பாத்து, நேர்ல வந்தப்ப ஒங்கிட்ட வரவே இல்ல. மறந்துட்டியா?”

“மறக்கல.”

“அப்ப எதனா பண்ணு.”

வழி காட்டியது செல்வாம்பாள். வைத்திக்குப்பத்தில் இருந்து வந்து இரண்டு பிளாக்கும் கூட்டிப் பெருக்குகிறவள். விடிகாலையில் அண்ணன் வலையில் வந்த மீனை விற்றுவிட்டு அப்படியே வேலைக்கு வருவாள். மாப்பைப் பிழிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிக்கினுகீற? பதினஞ்சாந்தேதி ஒருத்தர் ஏத்தட்டும், பதினாறாந்தேதி ஒருத்தர் ஏத்தட்டும்.”

“பதினாறாந்தேதி என்னாக்கா?”

“இன்னாடா இப்டி கேக்கற? நீ செஞ்சிக்காரன், ஒனக்கு எங்க தெரியும். ஒங்க ஊருக்கெல்லாம் ஒரே நாள்தான். எங்க ஊர்ல பதினாறாந்தேதியும் லீவு. பிரெஞ்சுக்காரன் பாண்டிய எழுதிக் குடுத்த நாளு. கீழூர்ல பெரிய ஆளுங்கல்லாம் போயி கொடி ஏத்துவாங்க. டிவில காட்டுவான்.”

விமல்ராஜ் நம்பாமல் போனில் தேடிப் பார்த்தான். இருந்தது.

“அக்கா, நீ தெய்வம்க்கா.”

“தெய்வத்துக்கு ஒரு டீ வாங்கிக் குடு மொதல்ல.”

டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நேராகப் பி பிளாக் போனான். படிக்கட்டில் ஏறும்போதே என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். சந்திரகலா மேடம் கதவைப் பாதி திறந்து நின்று அவன் சொன்னதைக் கேட்டார்.

“பதினாறாந்தேதி பாண்டிச்சேரிக்கே சொந்தமான நாளு இல்லீங்களா மேடம். அன்னிக்கு நீங்க ஏத்துனாத்தான் பொருத்தமா இருக்கும். நாளைக்கு மட்டும் சார் ஏத்திக்கட்டும்.”

மேடத்தின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. “எங்கப்பா வருசா வருசம் கீழூருக்குப் போவாரு,” என்றார். பிறகு சிரிப்பு நின்றது. “இத இராமதாஸ் சொன்னாரா?”

இல்லையென்று சொன்னால் கதவு மூடிவிடும். “ஆமாங்க மேடம். சார்தான் மேடத்துக்கிட்ட கேட்டுட்டு வான்னு அனுப்பினாரு.”

“பரவால்லையே. அவருக்குக்கூட இவ்ளோ தோணுதா? சரின்னு சொல்லுங்க.”

ஏ பிளாக்கில் இராமதாஸ் சாய்ந்து உட்கார்ந்து நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். முழுதாகக் கேட்கக்கூட இல்லை. “அந்தம்மாவே எறங்கி வந்து சொல்லிச்சா? நாளைக்கு நான் ஏத்தலாம்னு?”

“ஆமாங்க சார். அவங்க பதினாறு ஏத்திக்கறாங்களாம்.”

“பதினாறு யாருடா ஏத்தறான், பதினாறு.” தொடையில் தட்டிக்கொண்டார். “வழிக்கு வந்துடிச்சி பாத்தியா. நல்லது. நீ புத்திசாலிடா.”

அன்று சாயங்காலம் கதம்பப் பூவுக்கும் சாக்லேட்டுக்கும் பெரிய மார்க்கெட் போய்வந்தான். திரும்பும் வழியில் வினோதாவுக்கு ஒரு முழம் மல்லி வாங்கினான். அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, “நாளைக்கு நானும் வந்து நிக்கட்டுமா, இல்ல உள்ளயே இருக்கட்டுமா?” என்று கேட்டாள். “வந்து நில்லு, யாரு கேப்பாங்க” என்றான். அந்த நேரத்தில் போன் சிணுங்கியது.

சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப். இராமதாஸ் எழுதியிருந்தார்: ‘நாளை காலை எட்டு மணிக்கு நமது தலைவர் திரு. இராமதாஸ் கொடி ஏற்றுகிறார். அவரது தலைமையை ஏற்றுக்கொண்டு விட்டுக்கொடுத்த பி பிளாக் நண்பர்களுக்கு நன்றி. இனி ஒரே சங்கம், ஒரே தலைவர்.’ அடியில் கும்பிடும் கைகள், கொடிகள், ஏ பிளாக்காரர்களின் கைதட்டல்கள். ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பாரிஸிலிருந்து யாரோ ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

பதினாறாந்தேதி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விமல்ராஜ் மேடத்துக்கு அனுப்பப் போனில் மைக்கை அழுத்தி, “மேடம், நான் நல்லதுக்குத்தான் மேடம் சொன்னேன்” என்று பேசினான். பேசியது எழுத்தாகி வந்தது. பார்த்தான். அழித்தான். மறுபடி பேசினான். அதையும் அழிப்பதற்குள் மேடத்தின் போன் வந்துவிட்டது.

“தம்பி, நான் விட்டுக்கொடுத்தேன்னு யார் சொன்னது?”

“மேடம்...”

“நாளைக்கு எட்டு மணிக்கு நான் வரேன். கயிறு எங்கிட்டதான் வரணும்.” வைத்துவிட்டார்.

வினோதா அவன் முகத்தைப் பார்த்தாள்.

காலையில் வானம் மூடியிருந்தது. விமல்ராஜ் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தலைமேல் அடுக்காகத் தூக்கிவந்து இரண்டு பக்கமும் போட்டான். நடுவில் ஒரு வழி விட்டான். அப்படி விடச்சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆனால் ஏ பிளாக்காரர்கள் வந்து இடப்பக்கமும் பி பிளாக்காரர்கள் வலப்பக்கமும் தானாகவே உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சாரணர் படையில் இருந்ததால் கொடி கட்டத் தெரியும். பூவை உள்ளே வைத்து மடித்து, இழுத்தால் அவிழும்படி சுருக்குப் போட்டு, மேலே ஏற்றி வைத்திருந்தான். கயிற்றின் நுனி அவன் கையில் இருந்தது.

இராமதாஸ் கதர்ச் சட்டையில் வந்தார். சந்திரகலா மேடம் வெள்ளைப் புடவையில் வந்தார். இருவரும் மேடைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்றார்கள்.

“கயித்தக் குடுடா.”

“தம்பி, இங்க குடுங்க.”

விமல்ராஜின் கை நடுவில் நின்றது.

“என்னா மேடம் இது? நேத்து நீங்கதான ஒத்துக்கினீங்க?” என்றார் இராமதாஸ்.

“நான் எங்க ஒத்துக்கிட்டேன்? நீங்க கேட்டு அனுப்பினீங்கன்னு வந்து நின்னான். போனாப் போவுதுன்னு சரின்னேன்.”

“நான் எங்க கேட்டு அனுப்பினேன்? நீங்களே விட்டுக்குடுத்துட்டதா இவன் வந்து சொன்னான்.”

இருவரும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பினார்கள். நாற்காலிகளும் திரும்பின. பின்னால் சுவரோரமாகக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வினோதா நின்றிருந்தாள்.

“டேய். அந்தம்மா சொல்லிச்சுன்னு சொன்னியா இல்லியா?”

“சொன்னேங்க சார்.”

“அவங்க சொன்னாங்களா?”

“இல்லீங்க சார்.”

“நான் அனுப்பினேன்னு இவங்ககிட்ட சொன்னியா?”

“சண்ட வேணாமேன்னு... ஆளுக்கு ஒரு நாள்னு...”

“எங்களுக்குள்ள பஞ்சாயத்து பண்ண நீ யாருடா?”

“வாட்ச்மேன் வேலைய விட்டுட்டு தரகு வேல பாக்கறான்,” என்று இடப்பக்கம் ஒருவர் சொன்னார். வலப்பக்கத்திலும் சிரித்தார்கள்.

“ஒரு வார்த்த நேர்ல கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும் சார்,” என்றார் சந்திரகலா மேடம். “உங்களத் தப்பா நெனச்சி நைட்டெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல.”

“எனக்கும் அதான் மேடம். நம்ம ரெண்டு பேர் நடுவுல இருந்துக்கினு மூட்டி விட்டுட்டான். இந்த மாதிரி ஆளு இங்க இருக்கறவரைக்கும் நமக்குள்ள சண்டதான்.”

“நானும் அதத்தான் சொல்ல வந்தேன்.”

தூறல் ஒன்றிரண்டு விழுந்தது. யாரோ, “மழ வருது, சட்டுன்னு ஏத்துங்க” என்று குரல் கொடுத்தார்கள். இராமதாஸ் விமல்ராஜின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். வாங்கியவர் ஒரு கணம் நின்று, நுனியை மேடத்தின் பக்கம் நீட்டினார்.

“நீங்களும் புடிங்க மேடம். ஒண்ணாவே இழுப்போம்.”

இரண்டு கைகள் இழுத்தன. சுருக்கு அவிழ்ந்து கதம்பம் கொட்டியது. கொடி காற்றில் விரிந்தது. இரண்டு பக்கமும் எழுந்து கைதட்டினார்கள். எல்லோரும் தேசிய கீதம் பாடினார்கள். விமல்ராஜும் விறைப்பாக நின்று பாடினான். பாடி முடித்ததும் இராமதாஸ் மைக்கைப் பிடித்து, சித்திரைக்குப் பிறகு சங்கம் ஒருமனதாக எடுக்கிற முதல் முடிவு இது என்றார். வாட்ச்மேனை இன்றோடு அனுப்பிவிடுவது, அறையைச் சங்கத்தின் ஸ்டோராக எடுத்துக்கொள்வது. கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். போனில் பாரிஸிலிருந்தும் ஒரு கட்டைவிரல் வந்தது, அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

“நாளைக்குப் பதினாறாந்தேதி,” என்றார் இராமதாஸ், மேடத்திடம் சாக்லேட் தட்டை நீட்டியபடி. “அத நீங்க ஏத்துங்க மேடம். உங்களுக்குத்தான் பொருத்தம்.”

“நல்ல யோசனை சார். மெர்சி.”

செல்வாம்பாள் படிக்கட்டில் துடைப்பத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அடப்பாவிங்களா” என்று அவள் சொன்னது மைக் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. “டேய், சேரெல்லாம் நனையுது. உள்ள போடு,” என்று இராமதாஸ் சத்தம் போட்டார். எங்கே என்று விமல்ராஜ் கேட்கவில்லை. முதல் அடுக்கைத் தூக்கிக்கொண்டு போனபோது வினோதா அறைக்குள் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். ஸ்டவ், குக்கர், பாய், பிளாஸ்டிக் குடம். அவள் ஒன்றை வெளியே வைக்க வைக்க, அவன் அந்த இடத்தில் நாற்காலியை அடுக்கினான். அவசரத்தில் இருவரும் இடித்துக்கொண்டார்கள். “பாத்து மாமா” என்றாள். நாற்காலிகளை உள்ளே வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் பழைய துணியால் துடைத்தான். மைக் செட்டும் ஸ்பீக்கர் பெட்டியும் வந்தன. இரண்டு நோட்டீஸ் போர்டுகளையும் கழற்றிக் கொண்டுவந்து சாய்த்தார்கள்.

இராமதாஸ் ஒரு பூட்டு கொண்டுவந்து மாட்டினார். சந்திரகலா மேடம் கைப்பையைத் திறந்து இன்னொரு பூட்டை எடுத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். சங்கத்துச் சொத்து, ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்.”

“அதுல என்னா மேடம் இருக்கு, போடுங்க.”

இரண்டு சாவிகளும் இரண்டு பிளாக்குக்கும் போயின. அரை மணிநேரத்தில் இராமதாஸின் கார், பட்டறையில் கொடி ஏற்ற மேட்டுப்பாளையம் கிளம்பியது. வாட்ச்மேன் இல்லாததால் அவரே இறங்கி கேட்டைத் திறந்தார்.

மழைக்காக மூவரும் மோட்டார் ரூம் ஷேடுக்கு அடியில் நின்றார்கள். செல்வாம்பாள் மதிய வேலையை முடித்துக்கொண்டு கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். “எங்கூட்ல ரெண்டு நாளு இரு, அப்பறம் பாத்துக்கலாம். எட்டு பேரு படுக்கற எடத்துல பதினோரு பேரு படுக்க மாட்டமா?” தூங்குகிற நேரம் தவறியதில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. வினோதா தோளில் போட்டுத் தட்டினாள். அடங்கவில்லை. பையைத் திறந்து துழாவினாள். இன்னொரு பையையும் திறந்தாள்.

“மாமா. தூளி.”

விமல்ராஜ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கூரைக் கொக்கியில் அவளுடைய கல்யாணப் புடவை தூளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கடைசியில் ஏறிக் கழற்றிக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். அதற்குள் நாற்காலிகள் அதைச் சுற்றி அடைத்துவிட்டன.

பி பிளாக் ஏறிப்போய் மணி அடித்தான்.

“அவர் இல்லாம நான் மட்டும் தெறந்தா நாளைக்குத் தப்பா பேசுவாங்க தம்பி,” என்றார் சந்திரகலா மேடம். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். “இப்பத்தான் ஒரு மாதிரி சமாதானம் ஆயிருக்கு. அவர் வரட்டும்.”

இராமதாஸ் போனை எடுத்தார். பின்னால் கைதட்டல் கேட்டது. “புடவதான? நாளைக்குக் கொடி ஏத்த சேர் எடுக்கறப்ப வந்து வாங்கிக்க,” என்றார்.

அவன் இறங்கி வந்தபோது குழந்தை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இரண்டு கைகளையும் விட்டு, உள்ளே பார்த்து அழுதுகொண்டிருந்தது. வினோதா அதைத் தூக்கிப் பிடித்திருந்தாள்; அவள் தலையிலிருந்த மல்லி நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தது. துடைத்து அடுக்கிய நாற்காலிகள் கூரைவரைக்கும் ஈரமில்லாமல் நின்றன. விமல்ராஜ் தன் கையையும் விட்டுப் பார்த்தான். தோள்வரைக்கும் போயிற்று, தூளி எட்டவில்லை. கடல் பக்கமிருந்து காற்று வந்து, உள்ளே தூளி தானாக ஒருமுறை ஆடி, நாற்காலிக் காலில் இடித்து நின்றது.